கைப்பிடியின் வரலாறு: கடமான் கொம்பும் கத்தி, கைத்துப்பாக்கி ஆர்வலர் சந்தையும்

முன்னுரை

எஃகின் வரலாற்றில் தென்னிந்தியாவிற்குரிய இடம் ஆய்வுலகில் நன்கு நிலைநாட்டப்பெற்றுள்ளது. கொடுமணல், மேல்சிறுவளூர் ஆகிய இடங்களில் கிடைத்த உருக்கு மூசைகள் அதற்குச் சான்றாக அமைகின்றன. ஐரோப்பியர் வழங்கிய ‘ஊட்ஸ்’ என்னும் சொல், கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகியவற்றோடு உறவுடையது என்பது பலரும் ஏற்கும் கருத்தாகும். 1795ஆம் ஆண்டு ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரசக் கழகத்தில் இவ்வெஃகைப் பற்றிய ஆய்வுரையை அளித்தார். அதனையொட்டி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் இலண்டன் கத்தித் தொழிலர் இந்திய எஃகில் ஒரு பேனாக்கத்தியை அடித்துப் பார்த்தார். ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் இந்திய எஃகையே தாம் விரும்புவதாகப் பின்னாளில் தம் வணிக அட்டையிலேயே அச்சிட்டுக் கொண்டார்.

இவ்வாறு கத்தியின் அலகு இந்தியாவிலிருந்து சென்ற வரலாறு பேசப்பட்ட அளவிற்கு, அக்கத்தியின் பிடி எங்கிருந்து சென்றது என்பது பேசப்படவில்லை. மடக்குக்கத்தி, கைத்துப்பாக்கி ஆகியவற்றை விரும்பிச் சேர்ப்போர், விற்போர், மேம்படுத்துவோர் ஆகிய ஆர்வலர்கள் மிகுதியாக மாற்றுவது பிடியையே. அப்பிடிக்கு அவர்கள் நெடுங்காலம் உயர்வாக மதித்த பொருள்களுள் ஒன்று இந்தியக் காட்டில் உதிர்ந்த கடமான் கொம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இன்று வரை அக்கொம்பு சென்ற வழியையும், அவ்வழி அடைபட்ட பின்னர்ச் சந்தையில் நேர்ந்த மாற்றங்களையும் இக்கட்டுரை ஆராய்கின்றது. ஆர்வலர் சந்தை பொருளின் அருமையை விலையாக மாற்றியது. அவ்வருமையின் சுமையோ காட்டின்மீதும் கைவினைஞர்மீதும் விழுந்தது என்பது இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

1. அலகும் பிடியும்

கத்தியை மடக்கிப் பிடிக்குள் வைக்கும் முறை மிகப் பழமையானது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த எலும்புப்பிடி மடக்குக்கத்தி கி.மு. 600-500 அளவினதாகக் கணிக்கப்பெறுகின்றது. உரோமானியரிடமும் மடக்குக்கத்தி வழக்கில் இருந்தது. திறந்த அலகை நிலையாக நிறுத்தும் முதுகுவில் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் பரவிய பின்னரே சட்டைப்பைக் கத்தி பெருந்தொழிலாக வளர்ந்தது.

தமிழறிஞர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. ஓலைச்சுவடி எழுதப் பயன்பட்ட எழுத்தாணி வகைகளுள் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி ஆகியவற்றோடு மடக்கெழுத்தாணியும் ஒன்று. ஒருபுறம் ஓலையை வாருவதற்குரிய கத்தியும் மறுபுறம் எழுதுவதற்குரிய ஆணியும் அமைந்து, இரண்டும் பிடிக்குள் மடங்குவது அதன் அமைப்பாகும். மரம், தந்தம், மாட்டுக்கொம்பு ஆகியவற்றால் அதற்குப் பிடி இடுவர். உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் இவ்வகைகளை விளக்கியுள்ளார். ஐரோப்பியப் பேனாக்கத்தியும் இறகுப் பேனாவைச் சீவுவதற்கென்றே தோன்றியது. இரு நாகரிகங்களிலும் மடக்குக்கத்தி எழுதுவோர் கையில் இருந்தது என்பதும், இரண்டிலும் உடையவரின் தகுதியைக் காட்டியது பிடியின் பொருளே என்பதும் ஒப்பிட்டு நோக்கத்தக்கன.

பிடி மட்டும் மாற்றத்திற்கு உட்படுவதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அலகை மாற்ற வேண்டுமெனில் எஃகைக் காய்ச்சித் தோய்க்கும் உலைத்தொழில் வேண்டும். துப்பாக்கிக் குழலை மாற்றுவதற்குத் தேர்ந்த தொழிலர் வேண்டும். பிடியோ இரு பக்கமும் பொருத்தப்பெறும் இரண்டு பட்டைகளேயாம். சுழல் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் ஒரே திருகாணி இரு பட்டைகளையும் இணைக்கின்றது. அமெரிக்கப் படையில் 1911ஆம் ஆண்டு ஏற்கப்பெற்ற கோல்ட் கைத்துப்பாக்கியில் ஒவ்வொரு பட்டையையும் இரண்டு திருகாணிகள் தாங்குகின்றன. அவ்வமைப்பு இன்றளவும் பெரிதும் மாறாமையால், யார் செய்த பட்டையும் யாருடைய துப்பாக்கிக்கும் பொருந்துவதாயிற்று. மடக்குக்கத்தியில் பட்டைகள் நெடுங்காலம் தறையாணியால் இறுக்கப்பெற்றன. இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருகாணி பரவிய பின்னர், உடையவரே பட்டையைக் கழற்றி மாற்றும் வழக்கம் அங்கும் ஏற்பட்டது.

2. கடமான் கொம்பின் இயல்பு

கடமான் தெற்காசியா, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளில் வாழும் பெரிய மான் இனமாகும். தென்மாவட்டங்களில் இது ‘மிளா’ என வழங்குகின்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வேட்டையாடிய ஆங்கிலேயர் இதனை ‘எல்க்’ என்றே குறித்தனர். ஆதலால் அக்கால ஏடுகளில் அப்பெயரைக் காணும்போது வடநாட்டுப் பனிமான் எனக் கொள்ளலாகாது.

மாட்டின் கொம்பு உள்ளீடு எலும்பும் மேலுறை நகப்பொருளுமாய் வாழ்நாள் முழுதும் வளர்வது. மானின் கொம்போ முழுதும் எலும்பு. அது முற்றி உதிர்ந்து மீண்டும் முளைப்பது. ஆதலின் விலங்கைக் கொல்லாமலேயே மான்கொம்பைப் பெற இயலும். கடமான் கொம்பில் நடுவிலுள்ள நுண்துளைப் பகுதி குறைவு; புறத்திலுள்ள கெட்டிப் பகுதி மிகுதி. வெட்டினால் தடித்த பட்டை கிடைக்கும், எளிதில் பிளவுபடாது. மரப்பட்டை போன்ற அதன் சொரசொரப்பு ஈரக்கையிலும் வழுக்காமல் பிடியைத் தரும். இவ்வியல்புகளே அதனைக் கத்திப்பிடிக்கு மிக உகந்ததாக்கின.

இந்தியாவில் இக்கொம்பிற்குப் பல பயன்கள் இருந்தன. சித்த மருத்துவத்தில் மான்கொம்பு பற்பமாக்கப்பெறுகின்றது. விசாகப்பட்டினக் கைவினைஞர் கொம்பும் தந்தமும் பதித்துச் செய்த பெட்டிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியரிடையே பெரிதும் விலைபோயின. சட்ட நோக்கில், 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், காட்டில் கிடைக்கும் தோல், தந்தம், கொம்பு, எலும்பு, தேன், மெழுகு முதலியவற்றை வனப்பொருள் என ஒரே வரிசையில் வைத்தது. அதாவது, உதிர்ந்த கொம்பு தேனைப் போலவே காட்டிலிருந்து பொறுக்கி எடுத்து விற்கத்தக்க சரக்காகக் கருதப்பட்டது. கொம்பைப் பொறுக்கியவர் காட்டை ஒட்டி வாழ்ந்த மக்களே. எந்தக் கத்தியின்மீதும் அவர்தம் பெயர் இல்லை.

3. ஷெஃபீல்டின் கொம்பும் தந்தமும்

ஷெஃபீல்டில் கத்தித் தொழிலர் குழுமம் 1624ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பெற்றது. அந்நகரின் ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் விண்மீனும் மால்டாச் சிலுவையும் கொண்ட முத்திரையால் உலகெங்கும் அறியப்பெற்றது. 1822ஆம் ஆண்டு, ஆண்டின் எண்ணிற்கேற்ப 1822 அலகுகள் கொண்ட காட்சிக் கத்தியையும், 1851ஆம் ஆண்டு இலண்டன் பெருங்கண்காட்சிக்கென 75 அலகுகள் கொண்ட நார்ஃபோக் கத்தியையும் அந்நிறுவனம் செய்தது. பயன்பாட்டிற்கன்றி வியப்பிற்காகவே கத்தி செய்யும் போக்கு அப்போதே நிலவியதை இவை காட்டுகின்றன.

இந்நகரத் தொழிற்சாலைகளில் பிடிப்பொருளுக்கெனத் தனிக் கிடங்குகள் இருந்தன. ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் தந்தக் கிடங்கு பார்வையாளர் வந்து காணும் காட்சிப் பொருளாகவே விளங்கியது. ஆப்பிரிக்கத் தந்தம், கிழக்குக் கடல்களின் முத்துச்சிப்பி, ஆமையோடு, எருமைக்கொம்பு ஆகியவற்றோடு இந்தியக் கடமான் கொம்பும் அங்கே குவிந்தது. கொம்பின் பருத்த அடிப்பகுதி இறைச்சி அரியும் மேசைக்கத்திக்கும் முள்கரண்டிக்கும் ஆயிற்று. தட்டையான பகுதி சட்டைப்பைக் கத்திக்குப் பட்டையாயிற்று. 1830கள் முதல் அமெரிக்கச் சந்தைக்கென ஷெஃபீல்டு செய்து அனுப்பிய பௌவி கத்திகளிலும் கொம்புப்பிடி, தந்தப்பிடி உடையவை மிகுதி. ஜெர்மனியின் சோலிங்கன் நகரமும் வேட்டைக் கத்திகளுக்கு இக்கொம்பை நாடியது.

குடியேற்ற நாட்டின் மூலப்பொருள் தாய்நாடு சென்று, செய்பொருளாகிக் குடியேற்ற நாட்டிற்கே மீளுதல் பருத்தி வரலாற்றில் நன்கறியப்பெற்றது. கத்தியிலும் அதுவே நிகழ்ந்தது. ஆயினும் பருத்தி ஆடையாகும்போது அதன் தோற்றம் மாறிவிடுகின்றது. கொம்பு பிடியான பின்னரும் கொம்பாகவே காட்சியளிக்கின்றது. அவ்வாறிருந்தும் அதன் ஊர் மறக்கப்பட்டது என்பதே இங்குக் கருதத்தக்கது.

4. அமெரிக்கச் சந்தை: துப்பாக்கியும் கத்தியும்

1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் அயல்நாட்டுக் கத்திகளின்மீது கடும் வரி விதித்தது. ஷெஃபீல்டின் அமெரிக்க வணிகம் சரிந்தது. நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களில் உள்நாட்டுத் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றுள் கேஸ் நிறுவனம் குறிப்பிடத்தக்கது. அந்நிறுவனம் தன் கத்திகளுக்கு இட்ட எண்முறையில் முதல் இலக்கம் பிடிப்பொருளைக் குறித்தது. 5 என்பது உண்மையான மான்கொம்பு. 6 என்பது எலும்பு. அலகின் எஃகிற்கும் வடிவிற்கும் முன்னதாகப் பிடிப்பொருள் வைக்கப்பெற்றமை, வாங்குவோர் எதனை முதலில் நோக்கினர் என்பதற்கு நேரிய சான்றாகும்.

முதல் உலகப் போர் முடிந்ததும் துப்பாக்கி நிறுவனங்கள் கத்தித் தொழிலில் இறங்கின. போர்த் தேவை நின்றமையால் ஓய்ந்த எந்திரங்களுக்கு வேலை தேவைப்பட்டது. வின்செஸ்டர் நிறுவனம் 1919ஆம் ஆண்டிலும் ரெமிங்டன் நிறுவனம் 1920ஆம் ஆண்டிலும் மடக்குக்கத்தி வணிகத்தில் புகுந்தன. ரெமிங்டன் தன் பெரிய கத்திகளின் பிடியில் துப்பாக்கிக் குண்டு வடிவச் சின்னத்தைப் பதித்தது. ஆர்வலர் இன்றும் தேடும் அக்கத்திகள், துப்பாக்கிக் கடையும் கத்திக் கடையும் ஒன்றாயினமைக்கு நினைவுச் சின்னங்களாக உள்ளன.

கைத்துப்பாக்கிப் பிடியும் அதே பொருள்களை நாடியது. கோல்ட் நிறுவனம் 1873ஆம் ஆண்டு வெளியிட்ட சுழல் கைத்துப்பாக்கி வாதுமை மரப்பிடியோடு விற்கப்பெற்றது. 1880களில் கெட்டி இரப்பர்ப் பிடி வழக்கிற்கு வந்தது. தந்தமோ முத்துச்சிப்பியோ வேண்டுவோர் மிகுதிப்பணம் செலுத்திப் பெற்றனர். படைத்தலைவர் ஜார்ஜ் பேட்டன் 1916ஆம் ஆண்டு வாங்கிய கோல்ட் கைத்துப்பாக்கியின் தந்தப்பிடி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செய்தித்தாள்களில் இடம்பெறும் அளவிற்குப் புகழ்பெற்றது. அதனை முத்துச்சிப்பி எனக் கூறியவரை அவர் கடிந்து திருத்தினார் என்பது பலரும் கூறும் செய்தியாகும். திரைப்படங்கள் பரப்பிய ‘மேற்குப்புறக் குதிரைவீரன்’ படிமத்தில் மான்கொம்புப் பிடியும் இணைந்தது. அப்படிமத்தை விரும்பியோர் தம் கைத்துப்பாக்கியின் மரப்பட்டையைக் கழற்றிவிட்டுக் கொம்புப்பட்டையைப் பொருத்தலாயினர்.

5. போலிப் பொருள்களின் காலம்

விலைமிக்க பொருளுக்குப் போலி தோன்றுதல் இயல்பு. மாட்டின் கால் எலும்பை அறுத்துப் பட்டையாக்கி, அதன்மீது எந்திரத்தால் பள்ளங்கள் குடைந்து, சாயமிட்டு, மான்கொம்பின் சொரசொரப்பை உண்டாக்கினர். அமெரிக்கச் சட்டைப்பைக் கத்திகளில் மிகுதியாகக் காணப்பெறும் ‘குடைந்த எலும்பு’ப் பிடி இவ்வாறு தோன்றியதே. நாளடைவில் போலி தனக்கென ஒரு மதிப்பைப் பெற்றது. பச்சை எலும்பு, சிவப்பு எலும்பு எனச் சாயத்தின் அடிப்படையில் வகைகள் பெயர் பெற்றன. ஒரே அலகும் ஒரே வடிவும் உடைய இரு கத்திகளுள், எலும்பின் சாயம் வேறுபட்டமையால் மட்டுமே ஒன்று மற்றொன்றைவிடப் பன்மடங்கு விலைபோவதைச் சேகரிப்புச் சந்தையில் காணலாம்.

தந்தத்திற்குப் போலியாகச் செல்லுலாய்டு வந்தது. அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹயாட் 1870ஆம் ஆண்டையொட்டி அதனைத் தொழில்முறையில் உருவாக்கினார். தந்தத்தாலான பில்லியர்டு பந்திற்கு மாற்றுத் தேடியதே அவர்தம் முயற்சியின் தொடக்கம். எந்நிறத்திலும் வார்க்கத்தக்க அப்பொருள் கத்திப்பிடியில் விரைந்து பரவியது. ஆனால் ஆண்டுகள் கழிந்தபின் அது சிதைந்து அமில ஆவியை வெளியிடுகின்றது. அவ்வாவி உடனிருக்கும் அலகையும் அரிக்கின்றது. ஆதலால் செல்லுலாய்டுப் பிடியுடைய பழங்கத்திகளைச் சேகரிப்பாளர் பிறவற்றோடு சேர்த்து வைப்பதில்லை. பின்னர்த் துணியையோ தாளையோ பிசினில் தோய்த்து அழுத்திச் செய்த மைக்கார்ட்டாவும், டெல்ரின் முதலிய நெகிழிகளும் வந்தன. கைத்துப்பாக்கியில் இரப்பர்ப்பிடி பெருவழக்காயிற்று.

பயன்பாட்டு நோக்கில் இம்மாற்றுப் பொருள்கள் எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல; ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்குவதில் கொம்பினும் தந்தத்தினும் மேம்பட்டவை. எனினும் ஆர்வலர் மொழியில் நெகிழிப்பட்டையை நீக்கிக் கொம்புப்பட்டை பொருத்துவதும் ‘மேம்படுத்துதல்’ எனவே குறிக்கப்படுகின்றது. இங்கு மேம்பாடு என்பது தொழிற்பாட்டைச் சாராது அருமையைச் சார்ந்து நிற்கின்றது.

6. சட்டம் வளர்த்த துணைப்பொருள் வணிகம்

அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இவ்வணிகத்தில் ஒரு திருப்பமாக அமைந்தது. துப்பாக்கி விற்பதைத் தொழிலாகக் கொள்வோர் உரிமம் பெற வேண்டும் என்றும், மாநிலம் கடந்த விற்பனை உரிமம் பெற்றவர் வழியே நிகழ வேண்டும் என்றும் அது விதித்தது. அச்சட்டத்தின்படி துப்பாக்கியின் உடற்சட்டமே துப்பாக்கியாகும், பிடிப்பட்டை துப்பாக்கியாகாது. ஆகவே பிடிப்பட்டை, தோலுறை முதலிய துணைப்பொருள்களை எவரும் எவர்க்கும் அஞ்சல்வழி விற்கலாம். மடக்குக்கத்திக்கும் அவ்வாறே உரிமம் வேண்டியதில்லை. துப்பாக்கிக் கண்காட்சிகளில் கடை விரித்த சிறு வணிகர் பலர் அக்காலத்தில் கத்தி வணிகத்திற்கு மாறினர் என்பது சேகரிப்பாளர் நூல்களில் பரவலாகக் காணப்பெறும் விளக்கம். ஒரே மேசையில் கைத்துப்பாக்கிப் பட்டைகளும் மடக்குக்கத்திகளும் அடுத்தடுத்து வைக்கப்பெறும் வழக்கம் இச்சூழலில் வலுப்பெற்றது எனலாம்.

1970ஆம் ஆண்டு கத்திசெய்வோர் கழகம் தோன்றியது. தேசியக் கத்திச் சேகரிப்பாளர் சங்கமும் அப்பத்தாண்டின் தொடக்கத்திலேயே அமைந்தது. 1970ஆம் ஆண்டு கேஸ் நிறுவனம் தன் முத்திரையின்கீழ்ப் பத்துப் புள்ளிகள் இட்டு, ஆண்டுதோறும் ஒரு புள்ளியைக் குறைத்துவந்தது. கத்தி செய்யப்பெற்ற ஆண்டை எவரும் எண்ணிக் கண்டறியலாம் என்ற நிலை ஏற்பட்டதும், கத்தி நாணயம் போலவும் அஞ்சல்தலை போலவும் வரிசைப்படுத்திச் சேர்க்கத்தக்க பொருளாயிற்று. ரெமிங்டன் நிறுவனம் 1982ஆம் ஆண்டு முதல் தன் பழைய குண்டுச்சின்னக் கத்திகளை மறுபதிப்பாக ஆண்டுதோறும் வெளியிட்டமையும் இப்போக்கின் தொடர்ச்சியே.

இச்சந்தையின் அறிவு நுட்பமானது. முத்திரையின் எழுத்து வடிவு, ஆணிகளின் நிலை, எலும்பின் சாயம், பட்டைக்கும் பூணுக்கும் இடையேயுள்ள மயிரிழை இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு பட்டை தொழிற்சாலையில் இட்டதா, பின்னர் மாற்றப்பட்டதா என ஆராய்வர். சேகரிப்பாளர்க்கு மாற்றப்பட்ட பட்டை குறை. பயன்படுத்துவோர்க்கு அதுவே மேம்பாடு. ஒரே செயலை இரு சாராரும் எதிரெதிராக மதிப்பிடுகின்றனர். ஏட்டில் பிற்காலத்தார் செய்த திருத்தத்தைப் பதிப்பாசிரியர் இடைச்செருகல் என விலக்க, பயில்வோர் தெளிவான பாடம் எனக் கொள்ளும் நிலையோடு இதனை ஒப்பிடலாம்.

7. தந்தத் தடையும் கொம்புத் தடையும்

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் நிலையை மாற்றியது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடுத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்திற்கும் அத்தடையை விரித்தது. பன்னாட்டளவில் 1989ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற முடிவின்படி ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் வணிகம் தடைபட்டது.

உதிர்ந்த மான்கொம்பின் நிலை இதனினும் சிக்கலானது. அதற்கு விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை என்பதால் வணிகம் சிலகாலம் தொடர்ந்தது. 1990களின் இறுதியில் அதன் ஏற்றுமதி முற்றிலும் தடைசெய்யப்பெற்றது. இத்தடைக்குரிய காரணத்தைக் கொம்பின் அமைப்பிலேயே காணலாம். தானே உதிர்ந்த கொம்பின் அடி, வளையம் போன்ற முண்டுகளோடு முடியும். கொன்று எடுத்த கொம்பின் அடியில் மண்டையோட்டுத் துண்டு ஒட்டியிருக்கும். முழுக்கொம்பாக இருக்கும்வரை இவ்வேறுபாட்டை எவரும் காணலாம். அடியை நீக்கிப் பட்டையாக அறுத்தபின் அச்சான்று அழிந்துவிடுகின்றது. கத்திப்பிடியில் இருக்கும் கொம்பு உதிர்ந்ததா, வேட்டையாடப்பட்டதா எனக் கூற இயலாது. நேர்மையான சரக்கும் திருட்டுச் சரக்கும் ஒரே தோற்றம் கொள்ளும் இடத்தில், சரக்கு முழுவதையும் தடுப்பதைத் தவிர வேறு வழி அரசிற்கு எளிதாக இல்லை. கடமான் 2008ஆம் ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவாய்ப்புடைய இனமாகச் சேர்க்கப்பெற்றமை இவ்வச்சம் வீணன்று என்பதைக் காட்டுகின்றது.

தடையின் விளைவு சந்தையில் உடனே புலப்பட்டது. முன்னரே அயல்நாடு சென்றிருந்த கொம்பு ‘பழைய இந்தியக் கொம்பு’ எனத் தனிப்பெயர் பெற்று விலையேறியது. தந்தத்திற்கு மாற்றாகச் சைபீரியப் பனிநிலத்தில் புதைந்த மாமத யானையின் தந்தம் தேடப்பட்டது. அதன் பெயரால் புதிய தந்தம் விற்கப்படலாம் என்னும் ஐயத்தால், நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்கள் 2014ஆம் ஆண்டிலும் கலிபோர்னியா 2016ஆம் ஆண்டிலும் அதனையும் தடைக்குள் கொணர்ந்தன. கத்திப்பிடிக்கும் துப்பாக்கிப்பிடிக்கும் பயன்படும் தோதகத்தி மரமும் இவ்வரிசையில் சேர்ந்தது. தமிழ்நாடு 1994ஆம் ஆண்டு அம்மரத்தைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றியது. 2017ஆம் ஆண்டு முதல் அப்பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது. இம்மரத்திற்கு ‘ஈட்டி’ என்பதும் பெயராக வழங்குதல் இங்கு நினைவுகூரத்தக்கது.

8. பெயர் பெற்றோரும் பெயரற்றோரும்

இந்தியாவில் இத்தகைய ஆர்வலர் சந்தை விரிவாக வளரவில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1962ஆம் ஆண்டின் விதிகளும் கைத்துப்பாக்கியை உரிமத்திற்குள் நிறுத்தின. வீட்டு வேலை, வேளாண்மை முதலியவற்றிற்கு அல்லாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ கடந்தால் அதனையும் ஆயுதமாக அவ்விதிகள் வகைப்படுத்தின. கருவி எது, ஆயுதம் எது என்பதை அங்குலக் கணக்கு முடிவு செய்தது. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் மடக்குக்கத்திக்கு 1990களில் அம்மாநில அரசு நான்கரை அங்குல வரம்பு விதித்ததும் அத்தொழில் நலிந்தது. 2023ஆம் ஆண்டு அந்நகரின் நாற்சந்தி ஒன்றில் ஏறத்தாழ 20 அடி நீளமுள்ள கத்தி நினைவுச் சின்னமாக நிறுவப்பெற்றது. தொழில் சுருங்கியபின் பெயர் நிமிர்ந்து நிற்கின்றது.

அதே வட்டாரத்தைச் சேர்ந்த சம்பல் நகரம் கொம்பு, எலும்புக் கைவினைக்குப் பெயர்பெற்றது. மான்கொம்பு கிடைக்காத நிலையில், இறைச்சிக்கூடக் கழிவாகக் கிடைக்கும் எருமைக்கொம்பும் எலும்புமே அங்குள்ளோரின் மூலப்பொருள். உலகச் சந்தையில் அவர்தம் உழைப்பு செல்லும்போது வாங்குவோர் காண்பது அயல்நாட்டு நிறுவன முத்திரையையேயன்றி அவர்தம் பெயரையன்று.

இதற்கு மாறான ஒரு சான்று தமிழகத்தில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலத்தில் வாழ்ந்த அருணாசலம் என்னும் கத்தித் தொழிலர் செய்த வேட்டைக்கத்திகளையும் பன்றிவேட்டை ஈட்டிகளையும் ஆங்கிலேய வேட்டையாடிகள் விரும்பி வாங்கினர். ‘அர்னாசெல்லம், சேலம்’ என ஆங்கில எழுத்தில் முத்திரையிடப்பெற்ற அக்கத்திகள் இன்றும் ஏலங்களில் தனி மதிப்புப் பெறுகின்றன. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டிய அளவிற்கு வேட்டை மிகுந்திருந்த காலம் அது. அச்சூழலில் ஒரு தமிழ்த் தொழிலர் தம் பெயரைத் தாமே அலகில் பொறித்தமையால் மட்டுமே வரலாற்றில் நிற்கின்றார். பெயர் பொறிக்கும் வாய்ப்பு அலகு செய்தவர்க்குக் கிட்டியது. பிடிக்குப் பொருள் தந்தவர்க்குக் கிட்டவில்லை.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. மடக்குக்கத்தி, கைத்துப்பாக்கி ஆர்வலரின் வாங்குதல், விற்றல், மேம்படுத்துதல் ஆகிய செயல்கள் பெரிதும் பிடியை மையமிட்டே அமைந்துள்ளன. பிடி எளிதில் கழலும் தொழில்நுட்ப அமைப்பும், அதனை ஆயுதமாகக் கருதாத சட்ட அமைப்பும் அதற்குக் காரணங்களாகும்.

2. அச்சந்தை உயர்வாக மதித்த பொருள்களுள் கடமான் கொம்பு இந்தியக் காடுகளிலிருந்து சென்றது. எஃகிற்கு அமைந்தது போலவே பிடிக்கும் ஓர் இந்திய வரலாறு உண்டு.

3. கொம்பை அறுத்தவுடன் அதன் தோற்றுவாய்ச் சான்று அழிகின்றது. வணிகத் தடைக்கும் அதுவே காரணம்; பொறுக்கியவர் மறக்கப்பட்டமைக்கும் அதுவே குறியீடு.

4. தடை காட்டைக் காக்க எழுந்தது. அதனால் விளைந்த அருமை முன்னரே சேர்த்து வைத்திருந்தோர்க்கு வருவாயாயிற்று. கொம்பை நம்பியிருந்தோர்க்கு இழப்பாயிற்று. தடை தேவையானது என்பதனால் இவ்விழப்பு பதிவுபெறாமல் போகவேண்டியதில்லை.

5. அருங்காட்சியகங்களும் சுவடி நூலகங்களும் தம்மிடமுள்ள கத்தி, மடக்கெழுத்தாணி ஆகியவற்றைப் பட்டியலிடும்போது அலகின் நீளத்தோடு பிடிப்பொருளையும் அது கிடைத்த வழியையும் பதிவுசெய்தல் வேண்டும். ஏட்டின் பாடத்தை ஆராய்வோர், அவ்வேட்டை எழுதிய ஆணியின் பிடி எந்த விலங்கின் கொம்பு, எந்த ஊர்த் தொழிலரின் வேலை என்பதையும் வினவத் தொடங்கினால், பெயரற்றோர் சிலரேனும் வரலாற்றிற்குள் வர இயலும்.